அக்னேஸ் சிஸ்டர் அறுத்துப் பார்த்த குழாய்

சாவுச் செய்தி வந்தபோது நான் பேக்கரியில் பாண் வாங்க வரிசையில் நின்றேன். வங்காலையிலிருந்து சிஸ்டரின் தம்பி சவிரிமுத்து தொலைபேசி எடுத்தார். "டொக்டர், அக்கா காலமைப் பூசைக்கு வெளிக்கிட்டவ. செருப்பைப் போடுறதுக்குப் படியில இருந்தவ, அப்பிடியே சாஞ்சிட்டா. அக்கா மோசம் போயிட்டா டொக்டர்." என் முறை வந்தது. ஒரு றாத்தல் பாணை வாங்கிக்கொண்டு நேரே பஸ் ஏறியிருக்கிறேன். பாதி வழியில்தான் பாண் இன்னும் கையில் இருப்பதைக் கவனித்தேன்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் அக்னேஸ் சிஸ்டருடன் வேலை செய்தவர்கள். அவரிடம் ஏச்சு வாங்காதவர்கள் உங்களில் குறைவு. வாங்கியவர்களின் முதல் வரிசையில் நான் இருக்கிறேன். சிஸ்டர் என்றதும் கன்னியாஸ்திரி என்று நினைத்தவர்களை அவர் திருத்தியதில்லை. அதனால் பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது என்பார். எங்கள் ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குப் பொறுப்பான தாதி அவர். நான் அங்கே சத்திரசிகிச்சை நிபுணன். அவரைப் பற்றி நான் சொல்லப்போவது உங்களில் அநேகருக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததற்குக் காரணமும் நான்தான்.

போர் முடிந்து சனம் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. வெளிநாட்டில் இருந்த நல்ல மனிதர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய சிறிய தரும ஆஸ்பத்திரி எங்களுடையது. இப்போது அது இல்லை. பித்தப்பைக் கல்லுக்கு வயிற்றை நீளமாக வெட்டித் தைத்தால், ஆள் ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது. காணி வெட்டித் துப்புரவாக்கி, வீட்டுக்குக் கல் சுமந்துகொண்டிருந்த சனத்திடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நாலு சிறு துளை போட்டு, நீண்ட மெல்லிய கருவிகளை உள்ளே விட்டுச் செய்தால், சில நாளில் எழும்பி நடமாடலாம். ஆகவே துளைவழிச் சத்திரசிகிச்சையைத்தான் செய்வேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

அதற்கான கருவிகள் வெளிநாட்டிலிருந்து பெட்டியாக வந்தன. எல்லாம் ஒருமுறை பாவித்து எறிகிற சாமான். ஒவ்வொரு உறையிலும் வட்டத்துக்குள் இரண்டு என்ற இலக்கமும் அதன் குறுக்கே ஒரு கோடும் இருக்கும். இரண்டாம் முறை பாவிக்காதே என்பது அதன் பொருள். "இரண்டாம் முறைதானே கூடாது சிஸ்டர், மூண்டாம் நாலாம் முறைக்குத் தடை இல்லையே," என்று பகிடி விட்டேன். தியேட்டரே சிரித்தது, அவரைத் தவிர. அடுத்த பெட்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கழுவி, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்துத் திரும்பப் பாவிக்கச் சொன்னேன். பல இடத்தில் அப்படித்தான் நடக்கிறது என்றும் சொன்னேன். சொன்னது நான், கழுவியது அவர்.

ஒரு நாள் பின்னேரம் நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அறைக்குள் வந்தார். கையில் வெள்ளைத் துணி. அதை மேசையில் விரித்தார். உள்ளே நான் பாவிக்கும் கருவிகளில் ஒன்று, நெடுக்காக இரண்டாக அறுபட்டுக் கிடந்தது. குழாய் வேலை செய்கிறவரிடம் இரும்பு அறுக்கும் வாளை இரவல் வாங்கித் தானே அறுத்திருக்கிறார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களுக்கு என்ன விசரோ?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கிற சாமானைத்தான் அறுத்தனான்," என்றார். "மூண்டு தரம் கழுவினனான். கடைசித் தரம் துணியில ஒரு கபில நிறப் பொட்டு விழுந்துது. கழட்டிப் பாக்க ஏலாது, ஒட்டிச் செய்திருக்கினம். அதுதான் அறுத்தனான். இந்தாங்கோ, பாருங்கோ."

குழாயின் உட்சுவரில், என் கண்ணுக்கு எட்டாத இடத்தில், காய்ந்த இரத்தம் செதிலாக ஒட்டியிருந்தது. கழுவி, ஊறவைத்து, அடுத்த நாளுக்கு ஆயத்தம் என்று சீட்டு ஒட்டிய கருவி அது. சீட்டில் இருந்தது அவருடைய கையெழுத்து.

"இது ஆரின்ர இரத்தம் டொக்டர்?" என்று கேட்டார். தேத்தண்ணியைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினேன்.

பதிவேட்டைப் பார்த்தோம். கழுவித் திரும்பப் பாவித்த கருவிகள் ஏழு பேரின் வயிற்றுக்குள் போயிருந்தன. ஒருவரின் இரத்தம் இன்னொருவருக்குப் போனால் ஈரலைத் தின்கிற மஞ்சட்காமாலைக் கிருமி போகலாம். அதைவிட மோசமானதும் போகலாம். ஏழு பேரையும் கண்டுபிடித்து இரத்தம் சோதிக்கவேண்டும் என்றார் சிஸ்டர். நான் சம்மதித்தேன். ஆனால் வழக்கமான பரிசோதனை என்று சொல்லி எடுப்போம், விசயம் வெளியே போனால் ஆஸ்பத்திரியை மூடிவிடுவார்கள், என் பெயரும் போய்விடும் என்றேன். இந்த வரிசையில் சொன்னேனா, பெயரை முதலில் சொன்னேனா என்று இப்போது சரியாக ஞாபகம் இல்லை.

"காரணம் சொல்லாம இரத்தம் எடுக்கிறது களவு டொக்டர்," என்றார். "நான் கழுவினனான். நான் போய்ச் சொல்லுறன். நீங்கள் வராட்டி விடுங்கோ."

போனேன். வீரத்தால் போகவில்லை, வெட்கத்தால் போனேன். ஆஸ்பத்திரிச் சபைக்கும் எழுதிக் கொடுத்தோம். அவர்கள் மூடவில்லை. வெளியே பேசவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

பதிவேட்டில் இருந்த முகவரிகளால் ஒரு பயனும் இல்லை. முகாம், தறப்பாள் கொட்டில், சொந்தக்காரர் வீடு என்று இருந்தது. சனம் அங்கிருந்து எப்போதோ எழும்பிப் போயிருந்தது. சிஸ்டர் பூசை முடிந்து கோயில் வாசலில் விசாரித்தார். பள்ளிவாசலில் விசாரித்தார். கிராம அலுவலர்களான விதானையார்மாரின் கந்தோர்களில் வீட்டுத்திட்டப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒருபக்கமாக இருந்துகொண்டு, மடியில், மீன்காரர் ஐஸ் போட்டு வைக்கிற றெஜிபோம் பெட்டி ஒன்றை வைத்திருப்பார். உள்ளே பள்ளிமுனை மீன்வாடியில் வாங்கிய ஐஸ். அதற்குள் இரத்தக் குழாய்கள். சந்தியில் மறித்த ஆமிக்காரன் மீன் என்று நினைத்து மூடியைத் திறந்தான். உடனே மூடிவிட்டு வழிவிட்டான்.

பள்ளிமுனையில் இரண்டு பேரை இலகுவாகக் கண்டுபிடித்தோம். நானாட்டானில் ஒருவர் உழுதுகொண்டிருந்தார். உழவு மெசினில் இருந்தபடியே கையை நீட்டிவிட்டு, "மனுசிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, கத்துவா," என்றார். "அவவுக்கும்தான் சொல்லவேணும். அவவிட்டயும் இரத்தம் எடுக்கவேணும்," என்றார் சிஸ்டர். அவருடைய மனைவி கத்தத்தான் செய்தார். முக்கால் மணித்தியாலம் இருவரும் தலைகுனிந்து நின்று கேட்டோம்.

கடைசியாகக் கிடைத்தவர் ஜெசீமா. பிள்ளையாக இருக்கும்போது போர்க்காலத்தில் முசலிக் கரையிலிருந்து மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் முடித்துத் திரும்பி வந்தவர். காடு பத்திய காணியில் புதுக் கொட்டில் போட்டிருந்தார்கள். வெளியே வந்தவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு தரித்த, ஏழு மாத வயிறு. இரத்தத்தில் கிருமி இருந்தால் பிள்ளைக்கும் போகும். திரும்பிப் போய்விடுவோம் என்று சிஸ்டரின் காதுக்குள் சொன்னேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சிஸ்டர் ஒன்றும் விடாமல் சொன்னார். கழுவியது, ஊறவைத்தது, அறுத்தது, கண்டது, எல்லாம். ஜெசீமாவின் கணவர் எழும்பி நின்றார். "பிள்ளைக்கு ஏதும் எண்டா என்ன செய்வீங்க?"

"தெரியாது தம்பி," என்றார் சிஸ்டர். "ஆனா ஓடி ஒளிக்கமாட்டம். வங்காலையில ஆரைக் கேட்டாலும் என்ர வீட்டைக் காட்டுவினம்."

ஜெசீமா கணவரைக் கையமர்த்திவிட்டுச் சொன்னார். "இருபது வருசத்துக்கு மேல எங்களுக்கு எவ்வளவோ நடந்திச்சு. பிழை விட்டுட்டம் எண்டு ஒருத்தரும் எங்கட வாசலுக்கு வந்து சொன்னதில்ல. நீங்க ரெண்டு பேரும் தேடி வந்து சொல்றீங்க. உள்ளுக்கு வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டு இரத்தத்த எடுங்க."

சோதனை முடிவு வரப் பத்து நாள் சென்றது. அந்தப் பத்து நாளில் நான் உண்ட சோறு உடம்பில் ஒட்டவில்லை. கடிதத்தைச் சிஸ்டர்தான் கொண்டுவந்தார். கதிரையில் இருந்து, கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்டும் இல்ல டொக்டர். ஏழு பேருக்கும் ஒண்டும் இல்ல," என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். கடைசியாகச் செய்த இருவருக்குச் சில மாதம் கழித்து மறுபடி பார்த்தோம். அதுவும் நல்லபடியாக வந்தது. ஜெசீமாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது.

அதன்பிறகு எங்கெங்கோ எழுதி, ஒரு பழைய கருவித்தொகுதியைச் சிஸ்டர் வாங்கிவிட்டார். மூன்று துண்டாகக் கழற்றி, உள்ளே தூரிகை விட்டுக் கழுவி, நீராவியில் அவிக்கக்கூடியவை. அது வரும்வரை நான் துளைவழியாகச் செய்யவில்லை. ஆஸ்பத்திரி இருந்தது தீவில்; அதன் உப்புத் தண்ணீர் பட்டுக் கருவிகளின் மூட்டுகள் இறுகத் தொடங்கின. மழைத் தண்ணீர் பிடித்து வடித்து அலசினார். எறிகிற சாமானுக்கு அவர் விரோதி என்று பலர் சொல்வார்கள். அது பிழை. அவர் சொன்னது இதுதான்: "எறியிறதை எறியவேணும். கழுவிறதைக் கழட்டிக் கழுவவேணும். எங்கட வசதிக்கு ரெண்டையும் குழப்பக்கூடாது." எனக்கும் ஒரு தூரிகை தந்தார். "வெட்டத் தெரிஞ்சவருக்குக் கழுவவும் தெரியவேணும்" என்று சொல்லித்தான் தந்தார். ஓய்வுபெறும்வரை நான் கழுவினேன்.

அறுத்த குழாயின் இரண்டு பாதிகளையும் நன்றாகக் கொதிக்கவைத்து, ஒன்றை எனக்குத் தந்து, மற்றதைத் தான் எடுத்துக்கொண்டார். அதை என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனபோதுதான் கண்டேன். சுரூபங்கள் வைக்கும் தட்டில், மாதாவுக்கும் அந்தோனியாருக்கும் நடுவில், ஒரு சிறிய கண்ணாடிப் பெட்டிக்குள் அது இருந்தது. முன்னால் மெழுகுதிரி.

சவிரிமுத்துவின் மனைவி றீற்றா என் பக்கம் வந்தார். "டொக்டர், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இது எந்தப் புனிதர் பாவிச்ச சாமான், ஆரின்ர அருளிக்கம்? மச்சாளைக் கேட்டா, அது என்ர எண்டு மட்டும் சொல்லுவா. நாங்கள் இவ்வளவு காலமும் தொட்டுக் கும்பிட்டு வாறம்."

வீடு நிறையச் சனம். பழைய ஊழியர்கள், அயல் சனம், பங்குத் தந்தை. ஓம், ஒரு புனிதருடையதுதான் என்று வாய்வரை வந்துவிட்டது. அது பெரிய பொய்யாகவும் இருந்திருக்காது. அந்தப் பழைய சுகமான வழி அன்றும் என் முன்னால் திறந்துதான் கிடந்தது.

"இல்லைத் தங்கச்சி," என்றேன். "இது எங்கட பிழை." பிறகு, சிஸ்டர் ஜெசீமாவின் கொட்டிலில் சொன்னதுபோல, ஒன்றும் விடாமல் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். என் பகிடியையும் சொன்னேன்.

மூலையில் பாயில் இருந்த ஒரு பெண் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். ஜெசீமா. பக்கத்தில், தாயின் தோளளவுக்கு வளர்ந்த மகள். "ஓம். அந்த ஏழு பேர்ல நானும் ஒராள்," என்றார். "பெருநாளைக்குப் பெருநாள் இந்த வீட்டுக்கு வந்து போறது அதாலதான்."

றீற்றா பெட்டியைக் கையில் எடுத்தார். எறியப்போகிறாரோ என்று பயந்தேன். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். "இருக்கட்டும்," என்றார். "இனி என்னெண்டு தெரிஞ்சு கும்பிடுவம்."

சிஸ்டர், உங்களுக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. அன்று பின்னேரம் நீங்கள் அந்த வாளை எடுக்காமல் விட்டிருந்தால், எட்டாவது ஆளுக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு என்ன நடந்திருக்கும் என்று தெரியும்: கெட்டிக்காரன் என்ற பெயரோடு கெட்டுப்போயிருப்பேன்.

மற்றப் பாதி என் மேசை லாச்சிக்குள் பழைய பேனைகளுக்கு அடியில் கிடந்தது. இத்தனை வருடமும் அப்படித்தான் வைத்திருந்தேன். வங்காலையிலிருந்து வந்த அன்றே அதை எடுத்து விறாந்தை மேசையில் வைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்கிறார்கள். சொல்கிறேன்.