திங்கட்கிழமை ஒன்பது மணி

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். ஆறு வருடமாக அமெரிக்காவில், ஃபிரிஸ்கோவில் மகன் வீட்டில் இருக்கிறேன். சென்னையிலிருந்து வரும் காலண்டரைப் பார்த்து, திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம் என்று யாரையும் நல்ல காரியத்துக்கு வெளியே விடமாட்டேன். இந்த வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மகன் புறப்பட்டதும் ஒரு திங்கட்கிழமைதான், நான் சொன்னபடி ஒன்பது மணிக்கு.

போன திங்கட்கிழமை பேத்திக்கு டிரைவிங் டெஸ்ட். "ஒன்பதுக்குக் கிளம்பு" என்றேன்.

"பாட்டி, இங்க சன்ரைஸ் டைமே வேற, பகலும் நீளம். இன்னைக்கு எட்டு பத்துலேர்ந்து ஒன்பது அம்பத்தஞ்சு வரைக்கும்தான் ராகு காலம். அப்பா போன்லயே இருக்கே!"

மகனைப் பார்த்தேன்.

"தெரியும்மா. சொன்னா நீ சங்கடப்படுவேன்னுதான்..." என்று இழுத்தான்.

"ஆறு வருஷமா தலையாட்டிட்டு நின்னியாடா? நான் என்ன பச்சைக் குழந்தையா?"

மணி ஏழே முக்கால். பேத்தியை உடனே கிளப்பி அனுப்பினேன். காலண்டர்படி அது ராகு காலம். சொல்லியிருந்தால் எனக்கு மாற்றிக்கொள்ளத் தெரியாதா? இந்த வீட்டுப் பத்திரத்துக்கே ராகு காலத்தை என் வாயால் குறித்துக் கொடுக்க வைத்துவிட்டான்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் பேத்தி. எங்கே கண்ணு, முதலிலிருந்து படி. உன் அப்பன் காதில் விழுகிற மாதிரி சத்தமாகப் படி.