கறிவேப்பிலைச் சண்டையும் ஐசியு கட்டிலும்

ஜெயலெட்சுமிக்கு இருதயத்தில் ஒரு வால்வு பழுது. வாயில் மட்டும் ஒரு பழுதும் கிடையாது. மலேசிய ஜார்ஜ் டவுன் அடுக்குமாடியில் அவளுக்கும் எதிர்வீட்டு மஹ்பூபாவுக்கும் பல வருடச் சண்டை. எல்லாம் நடைபாதையில் நிற்கும் ஒரு கறிவேப்பிலைச் செடிக்காக. கன்று மஹ்பூபா கொடுத்தது, தொட்டி இவளுடையது. அப்புறம் கேட்பானேன்!

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். போகும்முன் பகையைத் தீர்த்துவிட்டுப் போவதுதானே முறை? மகன் குகனை விட்டுத் தொட்டியைத் தூக்கி எதிர்வாசலில் வைத்தாள்.

“மன்னிச்சிட்டேன் மஹ்பூபா. நீயே வச்சுக்கோ லா.”

இருவரும் மூக்கைச் சிந்தி அழுதார்கள்.

ஆஸ்பத்திரியிலோ வேறு சேதி. ஆபரேஷன் முடிந்ததும் கிடத்த ஐசியு கட்டில் வேண்டும். அத்தனையிலும் கொரோனா நோயாளிகள். கூப்பிடுகிறோம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவள் நேரே எதிர்வாசலுக்குப் போனாள்.

“சாகலையே! செடியக் குடு.”

அடுத்த மாதமும் அதே கூத்து: மன்னிப்பு, அழுகை, கட்டில் இல்லை, செடி திரும்பியது. இதற்குள் குளியலறைவரை நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்தபடியே தூங்கினாள். இன்னும் தள்ளினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, குகன் சமையலறைக்குள் போய் அழுதான்.

மூன்றாம் தடவையும் மன்னித்தாள். அன்று மாலையே மஹ்பூபாவைக் கொரோனா என்று ஆம்புலன்ஸ் ஏற்றிப்போனது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன்: கட்டில் வேறொருவருக்குப் போய்விட்டது. யாருக்கு என்று அவர்கள் சொல்லவில்லை. ஜெயலெட்சுமிக்குச் சொல்லவும் வேண்டுமா?

“பாவி! செடிதான் கேட்டா, கட்டிலையுமா எடுத்துக்குவா?” என்று கத்தினாள். கத்திவிட்டு ஓவென்று அழுதாள். பிறகு போனை எடுத்து மஹ்பூபாவுக்குக் குரல்பதிவு அனுப்பினாள்.

“ஏய், அங்கேயே குடியிருந்துடாத. எந்திரிச்சு வா. அடுத்தது நான்தான்.”

மஹ்பூபா எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தாள். செடியும் வழக்கம்போல் இந்த வாசலுக்குத் திரும்பியது. ஆபரேஷனுக்கு நான்காம் முறை குறித்த நாளும் வந்தது. குகன் தொட்டியில் கை வைத்ததும் மஹ்பூபா ஓடிவந்து மறித்தாள்.

“வேணாம்! நீ மன்னிக்கிறப்பல்லாம் கட்டில் போயிடுது. இந்தத் தடவ சண்டை போட்டுட்டுப் போ லா!”

“போட மாட்டேன்னா நெனச்ச? கன்னு குடுத்துட்டா செடி உன்னோடதா?”

“பின்ன, ஒங்கப்பன் வீட்டுதா?”

லிப்ட் கதவு மூடும்வரை மாடியே அதிர்ந்தது. மூடிய கதவைப் பார்த்தும் மஹ்பூபா திட்டிக்கொண்டே நின்றாள், கண்ணைத் துடைத்தபடி.

அன்று கட்டில் இருந்தது. மயக்கம் தெளிந்து, தொண்டையிலிருந்து குழாயை எடுத்ததும், கம்மிய குரலில் ஜெயலெட்சுமி நர்ஸிடம் கேட்டாள்:

“எதிர்வீட்டுக்காரிக்குப் போன் போடும்மா. பாதிச் சண்டையில விட்டுட்டு வந்திருக்கேன்.”