எல்லாருடைய ஸ்டேட்டஸையும் பார்க்கிற மெஹ்ராஜ் பேகம்

திருக்கோவிலூரில் எங்கள் தெருவில் விடிந்ததும் எனக்குக் கேட்கிற முதல் சத்தம் பக்கத்து வீட்டு மெஹ்ராஜ் பேகத்தின் போன். ஒரு குழந்தை சிரிக்கும். அது முடிவதற்குள் யாரோ ஒரு பெண் பாடுவாள். அதுவும் பாதியில் நின்று ஒரு ஹஜ்ரத் துஆ ஓதுவார். பிறகு யார் வீட்டிலோ புதிதாக வாங்கிய மிக்சி சுற்றும். சொந்தக்காரர்கள் அத்தனை பேருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வரிசையாக ஓடுகிறது என்று அர்த்தம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். வேண்டாமென்றாலும் அவர் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷமெல்லாம் என் காதில் விழுந்துதான் தீரும்.

பேகம் அக்காவுக்கு அறுபது நெருங்குகிறது. கணவர் முகம்மது கவுஸ் பாய் கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். பிள்ளை இல்லை. எலவனாசூர்கோட்டையில் கட்டிக்கொடுத்த தங்கை ஜெய்தூனின் மகன் ஆஷிக்தான் அந்த வீட்டுப் பிள்ளை. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை இங்கேயே தங்கிப் படித்தான். "பெரிம்மா, பெரிம்மா" என்று அவன் கூப்பிடுவது தெரு முனை வரைக்கும் கேட்கும். புதிதாகக் குடி வந்தவர்கள் அவனை அக்காவின் மகன் என்றே நினைத்துக்கொள்வார்கள். அக்காவும் யாரையும் திருத்தியதில்லை.

அவன் கள்ளக்குறிச்சியில் பைக் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்ததும் அக்காவுக்குத் தொடுதிரை போன் வாங்கிக் கொடுத்தான். அதற்கு முன் அக்காவிடம் இருந்தது பட்டன் போன். மத்தியானம் சாப்பாட்டுக்கடை முடிந்தால் ஒவ்வொரு வீடாக அழைத்துப் பேசுவார். அன்று என்ன குழம்பு என்பதில் ஆரம்பித்து யாருக்குச் சர்க்கரை ஏறியது என்பது வரைக்கும் போகும். வரவர எதிர்முனையில் எடுப்பதே குறைந்துபோனது. எடுத்தாலும், "வேலையா இருக்கேன் மாமி, மெசேஜ் போட்டு வைங்க" என்பார்கள். வேலையும் இருக்காது ஒன்றும் இருக்காது. போன் அடித்தால் எரிச்சல்படுகிற காலம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அக்காவுக்கு மெசேஜ் அடிக்க வராது.

இந்த நேரத்தில் ஒரு கல்யாண வீட்டில், நாத்தனார் மகள் எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டாள்: "என் பொண்ணு மாஹிரா பர்த்டேக்கு ஸ்டேட்டஸ் வெச்சேன். எல்லாரும் பாத்தாங்க, நீங்க மட்டும் பாக்கல மாமி." அக்கா கூனிக்குறுகிப் போனார். மறுநாள் காலையிலிருந்துதான் இந்தக் கச்சேரி. போனை மாவு டப்பாவில் சாய்த்து வைத்து, முதல் படத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். அது தானாக ஒவ்வொன்றாக ஓடி முடியும்.

"நீங்க பாக்கவே இல்லியேக்கா, அது பாட்டுக்கு ஓடிகினு இருக்குது" என்று ஒருநாள் சொன்னேன்.

"பாக்கறவங்க பேரு அவுங்களுக்குத் தெரியுமாம் அபிம்மா. நம்ம பேரு இல்லன்னா மதிக்கலன்னு ஆயிடுது" என்றார். அபிநயா என் மகள். அதனால் நான் அபிம்மா. "நான் இன்னா பண்றேன், அட்டெண்டன்ஸ் குடுத்துடறேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அவர்கள் குடும்பங்களில் மவுத்து சொல்வது சாதாரண விஷயமில்லை. இறப்புச் செய்தியை ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது அவமரியாதை. சொல்லியும் வராவிட்டால் உறவு முறிந்தது என்று பொருள். எங்கள் சனத்திலும் அப்படித்தான். ஆனால் எங்களில் வெளியூர்ப் பிள்ளைகள் வரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்போம். அவர்கள் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். வருகிறவர்கள் உடனே கிளம்பினால்தான் முகம் பார்க்க முடியும்.

போன கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் ஜெய்தூனின் கணவர், ஆஷிக்கின் அத்தா சர்தார் பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஷிக் அப்போது எலவனாசூர்கோட்டை வீட்டில்தான் இருந்தான். அத்தாவின் படத்தைப் போட்டு, மவுத்தாகிவிட்டார், மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்தான். அதற்குப் பிறகு முறைப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட ஆரம்பித்தான். பெரிம்மாவுக்குப் போட வேண்டிய முறை வந்தது. போடுவதற்கு முன் யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தான். பெரிம்மா பெயர் மேலேயே இருந்தது. பார்த்துவிட்டார்கள், பெரியத்தாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள் என்று அடுத்த வீட்டுக்குப் போட்டான்.

அக்கா அந்த நேரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பாட்டோ பேச்சோ இருந்திருந்தால் காதிலாவது விழுந்திருக்கும். ஒரு படம், கீழே நாலு வரி. சத்தமில்லாமல் வந்து, சத்தமில்லாமல் போய்விட்டது.

அன்றைக்கு அக்கா வீட்டில் தேங்காய்ப்பால் சோறும் தால்சாவும். எனக்கும் ஒரு தூக்கு வந்தது. நான் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன். "படம் புடிச்சி ஸ்டேட்டஸ் வெச்சிட்டேன், ஆஷிக்கு பாத்தான்னா வாயூறும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவனுக்கு அது உயிர்.

சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போன கவுஸ் பாய், தொழுகை முடிந்த கையோடு ஓடிவந்தார். வலது கால் செருப்பு யாருடையதோ.

"மெஹ்ராஜு, சர்தார் மவுத்தாயிட்டாராம். அடக்கமே முடிஞ்சி போச்சாம். போய்ட்டு வந்த ஒருத்தரு, நீங்க ஏன் வரலன்னு என்னைக் கேக்கறாரு. உனக்கு யாருமே சொல்லலியா?"

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அத்தனையும் கேட்டது. பிறகு பாத்திரம் ஒன்று விழுந்தது. நான் ஓடினேன். என் வீட்டுக்காரர் பழனி வாடகைக் கார் ஓட்டுகிறார். உடனே வண்டியை எடுக்கச் சொல்லி நானும் ஏறிக்கொண்டேன்.

வழியெல்லாம் அக்கா, "எனக்கு ஏன் சொல்லல, என் புள்ள எனக்கு ஏன் சொல்லல" என்றே புலம்பிக்கொண்டு வந்தார். கோபமாகத்தான் சொன்னார். போனை எடுத்து ஆஷிக்கின் ஸ்டேட்டஸைத் திறந்தார். சர்தார் பாய் வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா திரையில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டார். எடுத்தால் அடுத்த படம் வந்துவிடும். எலவனாசூர்கோட்டை வருகிற வரைக்கும் அந்த விரலை எடுக்கவில்லை.

ஜெய்தூன் உள்ளறையில் வெள்ளைச் சேலையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பெண்கள். அக்கா போய்க் காலடியில் விழாத குறையாகக் கட்டிப்பிடித்தார். ஜெய்தூன் விலக்கவில்லை, பதிலுக்குக் கையைத் தூக்கவும் இல்லை.

"எனக்கு ஏண்டி சொல்லல?"

வாசற்படியில் நின்ற ஆஷிக்தான் பதில் சொன்னான். "காலைலயே பாத்துட்டீங்களே பெரிம்மா. ரெண்டாவது பேரே உங்க பேருதான்."

"நான் பாக்கலடா. அது தானா ஓடுச்சிடா!"

"தானா ஓடுச்சா?" என்று ஒரு கிழவி கேட்டாள். யாரோ உதட்டைச் சுழித்தார்கள். ஆமாம், அக்கா தினமும் அப்படித்தான் ஓடவிடுவார் என்று நான் சாட்சி சொல்ல வாயைத் திறந்தேன். அதே நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. அதைச் சொன்னால், இத்தனை நாளும் இவர்கள் வீட்டுக் குழந்தையையும் குட்டியையும் அக்கா பார்க்கவே இல்லை, பெயருக்குத் தட்டிவிட்டிருக்கிறார் என்று ஆகும். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் தினமும் காலையில் அந்த மாவு டப்பா முன்னால் ஓடியவர்கள். வாயை மூடிக்கொண்டேன்.

ஜெய்தூன் மெதுவாகத்தான் பேசினார். "லுஹருக்கே எடுத்துடலாம்னு பெரியவங்க சொன்னாங்கக்கா. நான்தான் விடல. அக்கா பாத்துட்டா, வந்துகினு இருப்பா, அவ மொகம் பாக்காம எடுக்க வேணாம்னு சாயங்காலம் அசர் வரைக்கும் வெச்சிருந்தேன். பொம்பளைங்க எல்லாம் வாசல பாத்துகினு உக்காந்திருந்தாங்க. அப்போ இந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தி போன காட்டுச்சி. நீ சோறு ஆக்கி படம் போட்டிருந்த."

அந்தச் சோற்றைத்தான் நானும் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டிருந்தேன். அங்கிருந்தவர்களில் யார் மேலாவது கோபப்பட்டுத் தொலைக்கலாம் என்று பார்த்தேன். ஆஷிக் அழுது அழுது கண் வீங்கி நின்றான். தங்கை பொய் சொல்லவில்லை. அக்காவும் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

கவுஸ் பாய் அன்று வெளித் திண்டில் உட்கார்ந்து, சிறு பிள்ளை போல எல்லாரிடமும் தன் பட்டன் போனை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? இதுல மணி அடிக்குமே" என்றார். யாருக்கும் தோன்றவில்லை. அக்கா பார்த்தால் பாய்க்குச் சொல்லிவிடுவார் என்றுதான் எல்லாரும் இருந்திருக்கிறார்கள்.

சர்தார் பாயின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு அக்காவும் பாயும் போனார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. வெளியூர் விருந்தாளிகளோடு பாய் விரித்து உட்கார வைத்து, கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள். அக்கா வழக்கம்போல அடுப்படிக்குப் போய்க் கரண்டியைப் பிடிக்கப் போனபோது, "நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று ஒரு பெண் கையிலிருந்து வாங்கிக்கொண்டாளாம். அதைச் சொல்லித்தான் என்னிடம் அழுதார். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டில் காலைச் சத்தம் நின்றுபோனது. அக்கா ஸ்டேட்டஸ் பக்கமே போவதில்லை. மத்தியானமானால் ஜெய்தூனுக்குப் போன் போடுவார். முழுதாக அடித்து ஓயும். மறுநாளும் போடுவார். ஒருநாள் யாரோ எடுத்தார்கள். ஆஷிக்.

"பெரிம்மா, இத்தாவுல இருக்குது அம்மா, யார்கிட்டயும் பேசற நெலமைல இல்ல. எதுனா விஷயம்னா மெசேஜ்ல போட்டு வைங்க. அம்மா பாத்துக்கும்."

இத்தா என்றால் கணவனை இழந்தவர் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருப்பது. பெரிம்மாவுக்கு மெசேஜ் அடிக்கத் தெரியாது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். அவன் வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டான். எல்லாரிடமும் சொல்வதைப் பெரிம்மாவிடமும் சொல்லிவிட்டான்.

குரலில் பேசி அனுப்ப அபிநயாதான் சொல்லிக் கொடுத்தாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அக்கா போனை வாயருகே வைத்துக்கொண்டு துண்டு துண்டாகப் பேசி அனுப்பினார். சின்ன வயதில் இருவரும் ஒரே போர்வையில் படுத்தது, ஜெய்தூன் பிரசவத்துக்குத் தான் கூட நின்றது, சர்தார் பாய் ஒருமுறை நோன்புக் கஞ்சியை இங்கே தூக்கிவந்தது என்று என்னென்னவோ வந்தது. "பாக்கலடி, அல்லா மேல ஆணையா நான் பாக்கலடி" என்று முடித்தார். கடைசியில் அழுகையும் சேர்ந்து போயிற்று.

அனுப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும். அந்தச் சின்ன மைக் குறிகள் ஒவ்வொன்றாக நீலமாயின.

"இப்போ கேட்டுட்டாங்க பெரிம்மா!" என்று அபிநயா கத்தினாள்.

அக்காவின் முகம் மலர்ந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பதில் வரும் என்று நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்த மலர்ச்சி வடிந்தது. அபிநயாவின் கையைப் பிடித்து இழுத்து, பயந்துபோன குரலில் கேட்டார்:

"பாப்பா, வரிசையா அனுப்பியிருந்தா இதுவும் ஒண்ணு மாத்தி ஒண்ணு தானா ஓடுமா?"

ஓடும் என்று அவளுக்குத் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். நான் டீ ஆறிவிட்டது என்று தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.