எங்கள் வீட்டுக்கு எதிராக என் மகள் எழுதிய கட்டுரை

போன வருஷம் ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த நேரம். வடமாலபேட்டைக்கும் புத்தூருக்கும் நடுவே, ஏரியை ஒட்டிய காலனியில் எங்கள் வீடு. நிலமே இல்லாத எங்களைப் போன்றவர்களுக்குப் பட்டா கிடைத்த இடம். நானும் கணவரும் கூலிக்குப் போய்ச் சிறுகச் சிறுகக் கட்டினோம்.

ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு சோஷியல் டீச்சர் ஒரு வேலை கொடுத்திருந்தார். மழை பெய்தால் உங்கள் தெருவில் ஏன் தண்ணீர் நிற்கிறது? நீங்களே விசாரித்து, ஆதாரத்தோடு எழுதுங்கள்.

சாக்கடை அடைப்பு என்று நாலு வரி எழுதுவாள் என நினைத்தேன். அவளோ வீடு வீடாகப் போய், யார் வாசலில் முதலில் தண்ணீர் ஏறியது என்று கேட்டாள். சுவர்களில் படிந்த சேற்றுக் கறையை அளந்தாள். வீடுகள் வருமுன் இங்கே என்ன இருந்தது என்று பெரியவர்களையும் விசாரித்தாள்.

சாயங்காலம் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது வாசித்துக் காட்டினாள். ஏரிக்கு நீர் வரும் பழைய கால்வாய்மேல்தான் எங்கள் வரிசை நிற்கிறதாம். அதிலும் எங்கள் பின்பக்கக் காம்பவுண்டு சுவர்தான் தண்ணீரைத் தெருவுக்குத் திருப்புகிறதாம்.

கரண்டியை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினேன். "இத்த யாராச்சும் படிச்சிட்டு வூட்ட இடிக்க வந்தா எங்கடி போறது? மாத்தி எழுது."

"எப்பிடிம்மா மாத்துறது? கறை அங்கதானே ஒசரமா கீது?"

பொய் எழுதச் சொல்கிறேனா, வீட்டைக் காப்பாற்றப் பார்க்கிறேனா, எனக்கே புரியவில்லை. வாசலிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே வந்த கணவர் கத்தினார்: "எங்களுக்கு வேற எடம் எவன் குடுத்தான்?"

அவள் அழுதுகொண்டே அதையும் எழுதினாள். "எதிர்ப்பக்கம் இன்னா சொல்லுதுன்னும் எழுதணும் நைனா. டீச்சர் சொல்லிக்கிறாங்க."

வீடுகளைத் தொடாமல் தண்ணீருக்கு வழி விட வேண்டும் என்று முடித்து, வகுப்பிலும் வாசித்துவிட்டாள். கணவர் அவளோடு பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு பின்பக்கம் போனார்.

"இன்னா பண்ணிக்கினு கீறீங்க?" என்று பதறினேன்.

"சும்மா இரு. அவ சொன்னது நெசமான்னு பாக்கலாம்." சுவரின் அடியில் பெரிய ஓட்டை போட்டார்.

அடுத்த மழையில் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. ஆனால் ஓட்டை வழியே பாய்ந்த வெள்ளம் பின்பக்கம் இருந்த என் கீரைப்பாத்தியை அடித்துக்கொண்டு போனது. கடைசி வீட்டுக்காரி தன் கொல்லையில் வெள்ளம் புகுந்ததாக வந்து சண்டை போட்டாள். மகள் அவளிடமே எவ்வளவு உயரம் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்!

அவள் எழுதியது சரியா, நான் பயந்தது சரியா, இன்றும் தெளிவில்லை. ஆனால் தனக்கே பாதகமான பதிலையும் மறைக்காமல் காரணத்தோடு சொல்லும் ஒருத்தி என் வீட்டில் வளர்கிறாள் என்பது, வானம் இருட்டும்போதெல்லாம் எனக்குப் பயமாகவும் தைரியமாகவும் இருக்கிறது.