தொட்டி தெரியுதா?

அக்கா தொலைபேசியில் யாரையும் நலம் விசாரிக்க மாட்டார். எடுத்த எடுப்பில் "தொட்டி தெரியுதா?" என்பார். பதினோரு வருடமாக, கோடைதோறும், காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் அதே கேள்வி.

மலைக்காட்டில் தீப்பிடித்தால் புகை எந்த ஊர்ப்பக்கம் போகிறது என்று செயற்கைக்கோள் படங்களில் கோடு போட்டுச் சொல்வது எங்கள் வேலை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான்; அவருக்கு அடுத்த நாற்காலி எனக்கு. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். "பொகையப் பாக்கவா இவ்ளோ படிச்ச? நம்ம அடுப்பப் பாத்தா போதாதா?" என்று என் அம்மா கேட்டார்.

படம் மேலிருந்து எடுப்பது. புகை உயரத்திலேயே போகிறதா, தரைக்கு இறங்கிவிட்டதா என்று அதில் தெரியாது. அதனால் மலையடிவாரப் பள்ளி ஒன்றின் வாசல் காவலுக்கு இருந்த ஓர் அம்மாவை அக்கா பிடித்து வைத்திருந்தார். அந்த வாசலில் நின்றால் தூரத்தில் தண்ணீர்த்தொட்டி தெரியும். தெரியாவிட்டால் புகை இறங்கிவிட்டது என்று பொருள்.

"சாப்பிட்டீங்களா?" என்று அந்த அம்மா கேட்பது என் காதிலும் விழும். அக்கா "ம்" என்று வைத்துவிடுவார். ஒற்றை அறையில் தனியாக இருந்தவர். வேறு யாரும் அவரை அழைத்து நான் பார்த்ததில்லை. "அக்காவுக்கு ஃபோன்லயே ஒரு சம்பந்தி" என்று அலுவலக ஓட்டுநர் கிண்டல் செய்வார். சம்பந்திகள் இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை.

அந்த அம்மாவின் மகளுக்கு இளைப்பு நோய். போன கோடையில் தீ பெரிதானபோது, அக்கா சொல்லித்தான் அவளை மலைக்கு அந்தப்பக்கம் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் மதியம், வழக்கத்துக்கு மாறாக, அழைப்பு அங்கிருந்து வந்தது.

"பொண்ணு வரேன்னு ஒரே அழுகைங்க. எனக்கும் வீடு வெறிச்சுன்னு கெடக்கு. ரெண்டு மணி பஸ்ல வரச் சொல்லட்டுங்களா?"

"தொட்டி தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுது."

அக்கா நண்பகல் படத்தைத் திறந்தார். துடைத்துவிட்டது போல இருந்தது. உச்சி வெயிலில் மெல்லிய புகை படத்தில் விழாது; சூரியன் சாய்ந்திருக்கும்போதுதான் தெரியும். 'நண்பகல் படத்தை நம்பாதே' என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருந்ததே அக்காதான். அந்தத் தாளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"வரச் சொல்லுங்க. பாவம், குழந்தை."

அவர் குரல் அப்படிக் குழைந்து நான் கேட்டதில்லை. படத்தை நானும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

நாலரை மணிப் படத்தில் புகை பள்ளி வரைக்கும் நாக்கை நீட்டியிருந்தது. அக்கா அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள்தான் அந்த அம்மா எடுத்தார்.

"தொட்டி தெரியலங்க. பொண்ண ஆஸ்பத்திரில சேத்திருக்கு. மூக்குல குழாய் வெச்சிருக்காங்க. காத்து இப்படித் திடீர்னு திரும்பினா நீங்க என்னங்க பண்ணுவீங்க? சாப்பிட்டீங்களா?"

காற்று திரும்பவில்லை. அந்த வாரம் முழுக்க ஒரே திசையில்தான் அடித்தது. நண்பகலிலும் புகை அந்தப்பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது, படத்தில்தான் விழவில்லை. அக்கா பேனாவை மூடினார், திறந்தார். குறிப்பேட்டில் 'தொட்டி தெரியவில்லை' என்று எழுதினார். "ம்" என்று வைத்துவிட்டார்.

மகள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் இப்போது நாலு படி ஏறினாலே இரைக்கிறதாம். கோடை முடியும்வரை அக்கா தினமும் இரண்டு முறை அழைத்தார். கேள்விக்குப் பதில் வந்த பிறகும் சிறிது நேரம் காதில் வைத்திருப்பார். பிறகு வைத்துவிடுவார். மழை தொடங்கியதும் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இந்தக் கோடையில் நான் அழைக்கிறேன்.

"அந்த மேடம் எங்கங்க தம்பி?"

"மாற்றலாகிப் போயிட்டாங்கம்மா."

"காத்து செஞ்ச வேலைக்கு அவங்க மனசு ஒடிஞ்சுட்டாங்க போல. ஒரு தடவ பேசச் சொல்லுங்க."

அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். படித்துவிட்டதாகக் காட்டுகிறது, பதில் இல்லை. காற்று திரும்பவில்லை என்று நானே சொல்லிவிடலாமா என்று தினமும் யோசிக்கிறேன். அது அவர் வாயால் வர வேண்டியது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது நியாயமா, என் பயமா என்று எனக்கே தெரியவில்லை. இன்று காலை தொட்டி தெரிந்தது. எழுதி வைத்தேன்.

அந்த அம்மா இன்னும் காற்றைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.