அடுத்த பாஸ் வரட்டும்

என் வேலை என்னவென்று ஊருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத்தண்ணி வற்றிவிடும். பல நாடுகளில் ரேடார் வைத்திருக்கும் ஒரு தனியார் கம்பெனிக்கு, பாலக்கோட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடி வேலை பார்க்கிறேன். செயற்கைக்கோள்களும் உடைந்த ராக்கெட் துண்டுகளும் தலைக்கு மேலே கடக்கும்போதெல்லாம் அந்த ரேடார்கள் அவற்றின் பாதையை அளந்து அனுப்பும். எது எதன்மேல் மோதக்கூடும் என்று பார்த்து, செயற்கைக்கோளின் சொந்தக்காரரை நான் எச்சரிக்க வேண்டும். அம்மா இதைத் தெருவில், "எம்பொண்ணு குப்பையப் பாக்கற ஆபீஸ்ல இருக்கறா" என்று சொல்லிவைத்தாள். மறுநாளே பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார்.

"ஏங் கண்ணு, நம்ம தெருவுக்கு நாலு நாளா குப்பை வண்டியே வர்லயே, கொஞ்சம் சொல்றயா?"

அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

அப்பா தக்காளி விவசாயி. காலையில் மார்க்கெட்டுக்குப் போய்வந்ததும் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். திரையில் சிவப்பு எரிந்தால் போதும், பதறிவிடுவார்.

"ஐயையோ, மோதப்போவுது கண்ணு! நவுத்தச் சொல்லு!"

"சும்மா இருங்கப்பா. அடுத்த பாஸ் வரட்டும்."

அந்தத் துண்டு சுற்றிவந்து மறுபடி ஒரு ரேடாரைக் கடப்பதுதான் அடுத்த பாஸ். முதல் அளவு தோராயம்தான்; புது அளவு வந்தால் பெரும்பாலும் சிவப்பு தானாக அடங்கிவிடும். அவசரப்பட்டு நகர்த்தினால் செயற்கைக்கோளின் எரிபொருள்தான் வீண். பொறுத்திருப்பதே கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு ஊறிப்போயிருந்தது. அப்பாவுக்கும் அந்தச் சொல் பிடித்துப்போனது. பஸ்ஸைத் தவறவிட்டு வந்தால்கூட, "அடுத்த பாஸ் வரட்டும்" என்பார்.

போன ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி இருக்கும். நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"ஒரு மாதிரி அடைக்குது கண்ணு. தருமபுரி ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா போய்ட்டு வந்துர்லாமா?"

இது புதிதில்லை. அதற்கு முன் இரண்டு முறை அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடினோம். இரண்டு முறையும் வாயுத்தொல்லைதான் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு என் திரையிலும் இரண்டு சிவப்பு. தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னேன்.

"அடுத்த பாஸ் வரட்டும்பா."

"சரிங்க மேடம்" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். மத்தியானம் சாப்பிட எழுப்பப் போன அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அந்த இரண்டு சிவப்பும் சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டனவாம். பொறுத்திருந்தது சரியான முடிவு என்று கம்பெனியிலிருந்து பாராட்டி மெயில் வந்திருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அதைப் படித்தேன். அடச்சீ, நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

வேலையை விடவில்லை. அப்பாவின் நாற்காலியை மட்டும் உள்ளே எடுத்துப் போட்டுவிட்டேன்.

நேற்றுக் காலையில் அம்மா அடுப்படியில் இடது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. காலைல இருந்து குடையுது. நீ போயி வேலையப் பாரு. அடுத்த பாஸ் வரட்டும்."

அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியாது. அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்ட பழக்கம்.

நான் வண்டிச் சாவியை எடுத்தேன். முன்னறையில் திரை சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. எரியட்டும்.

"செருப்பப் போடும்மா" என்றேன்.