சூடேறும் செருப்பு

பசையின் நெடி முதலில் மூக்கில் ஏறும், பிறகுதான் தோலின் வாடை. ஆம்பூரில் அப்பா வேலை பார்த்த ஷூ கம்பெனியின் ‘சாம்பிள் ரூமு’க்குள் என்னை விட்டது படிப்புக்காகவோ அழகுக்காகவோ அல்ல, என் பாதம் அச்சு அசலாக முப்பத்தேழாம் நம்பர் என்பதற்காக. வெளிநாட்டுப் பெண்களுக்கான செருப்பை அந்த அளவில்தான் மாதிரி தைப்பார்கள். யாராவது போட்டுப் பார்த்து ‘கடிக்குது’, ‘லூசு’ என்று சொல்ல வேண்டும்.

நான் பத்தாவது முடித்த மே மாதம், ஆர்டர்கள் வற்றிப்போன சமயத்தில், வெளிநாட்டிலிருந்து சரக்கெடுக்கும் ஒரு ‘பையர்’ மட்டும் விநோதமாக ஒன்று கேட்டிருந்தார்: கம்ப்யூட்டரில் வயரைச் சொருகினால் சூடேறும் செருப்பு. குளிர்தேசத்துக் குமாஸ்தாக்களின் கால் மேசைக்கடியில் விறைக்காமலிருக்கவாம். இதுவும் கைநழுவினால் சாம்பிள் ரூமை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் தோல் வெட்டத் தெரியும். மின்சாரத்தில் ஃபியூஸ் போடுவதோடு சரி.

ஆபீஸ் கம்ப்யூட்டரின் முதுகில் வயரைச் சொருகி, கட்டிப்போட்ட ஆடு மாதிரி என்னை உட்கார வைத்தார்கள். அந்த வெயிலில் தரை சுட்டது, நாற்காலி சுட்டது, குடிக்கத் தந்த தண்ணீரும் சுட்டது.

“இன்னா பாப்பா, சுடுதா?” என்றார் மேனேஜர் ரஃபீக் பாய்.

“சுடுது அங்கிள்.”

“செருப்பு சுடுதா, வெயில் சுடுதா?”

தெரியவில்லை. அவர் உள்ளே கையை விட்டுப் பார்த்தார். “இதவிட என் கை சூடு ஜாஸ்தி.”

அப்பா மண்டியிட்டு என் குதிகாலைப் பிடித்திருந்தார். சர்ச்சுக்குள்கூட அவர் அப்படி மண்டியிட்டு நான் பார்த்ததில்லை.

“பாத்து சொல்லும்மா. இன்னைக்கே பார்சல் போவணும்.”

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “செருப்புதாம்பா சுடுது” என்றேன். என் பொய்களில் ஏற்றுமதியானது அது ஒன்றுதான்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது: தோல் அருமை, தையல் அருமை, சூடுதான் இல்லை. சாம்பிள் ரூமுக்குப் பூட்டு விழுந்தது. அப்பா ஆலங்காயத்தில் ஒரு கடையில் ரப்பர் செருப்பு விற்கப் போனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். அந்தச் சூடேறும் செருப்பில், பார்சலில் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட இரண்டாவது ஜோடி என் அலமாரியில் இருக்கிறது. அதன் வயரைச் சொருகும் துளை என் புது லேப்டாப்பில் இல்லை.

சர்க்கரை நோயில் மரத்துப்போன அப்பாவின் பாதங்களைச் சோதிக்கப் போன வாரம் வேலூருக்குக் கூட்டிப்போனேன். நர்ஸ் வெந்நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய் ஒன்றும் ஐஸ்தண்ணீர் நிரப்பியது ஒன்றும் எடுத்துவந்து, அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒன்றைப் பாதத்தில் வைத்தார்.

“இன்னா தெரியுது தாத்தா?”

அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்து என் முகத்தைப் பார்த்தார்.

“சுடுதும்மா” என்றார்.

வைத்திருந்தது ஐஸ்தண்ணீர்.